பொறியை வென்றவர் யார்? – ஓர் ஆய்வு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

முன்னுரை

"சதுரங்கத்தில் கணிப்பொறியையே வென்றுவிட்டேன்" என்று சொல்லும் நண்பர் ஒருவராவது நம் ஒவ்வொருவருக்கும் இருப்பார். தேநீர்க் கடையிலும், பேருந்து நிறுத்தத்திலும், விடுதி மாடியிலும் இக்கூற்றைக் கேட்கிறோம். கேட்டவுடன் சிலர் வாய்பிளந்து வியக்கின்றனர். சிலர் 'புளுகு' என்று ஒதுக்கித் தள்ளுகின்றனர். இரண்டுமே ஆராயாமல் செய்யும் முடிவுகள். சொன்னவர் யார் என்பதை விடுத்து, சொல்லப்பட்ட பொருளின் உண்மையைக் காண வேண்டும் என்பது நமக்குப் பழைய பாடம். அப்பாடத்தை 64 கட்டங்களுக்குள் நடத்திப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

இதனை எழுத எனக்குத் தகுதி ஒன்று உண்டு. அக்கூற்றைச் சொன்னவர்களுள் நானும் ஒருவன்.

நடந்தது இது

சென்ற கல்வியாண்டில் ஓர் இரவு. விடுதி அறையில் மற்றவர்கள் உறங்கிய பின் கைப்பேசியில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தேன். எதிர்த்து ஆடிய பொறியின் பெயர் ஸ்டாக்ஃபிஷ். உலகின் வலிமை மிக்க சதுரங்கப் பொறிகளுள் அது ஒன்று என்று நாளேட்டில் படித்திருந்தேன். நள்ளிரவு கடந்த வேளையில் அதன் ராஜாவுக்கு என் ராணியால் செக்மேட் வைத்தேன். மகிழ்ச்சி தாளாமல் அறை நண்பர்களைத் தட்டி எழுப்பினேன். மறுநாள் காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் செய்தி விடுதி முழுதும் பரவிவிட்டது. அவ்வார இறுதியில் நடந்த துறை மன்றக் கூட்டத்தில் செயலர் என்னை 'உலகப் பொறியை வென்ற நம் வீரர்' என்று அறிமுகம் செய்தார். கைதட்டல் எழுந்தது. நானும் எழுந்து நின்று வணங்கினேன்.

கூட்டம் முடிந்து தாழ்வாரத்தில் வரும்போது எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை அருகே அழைத்தார். பாராட்டுவார் என்று எண்ணிச் சென்றேன்.

"சந்தோஷம் அப்பா. நான்கு கேள்வி கேட்கிறேன், பதில் சொல். பொறியை எந்த நிலையில் வைத்து ஆடினாய்? அது யோசிக்க எவ்வளவு நேரம் கொடுத்தாய்? எத்தனை ஆட்டம் தோற்ற பிறகு இந்த ஒன்றை வென்றாய், நடுவில் காயைத் திரும்ப எடுத்தாயா? ஆட்டத்தை எழுதி வைத்திருக்கிறாயா?" என்றார்.

ஒன்றுக்கும் என்னிடம் சரியான விடை இல்லை. "என்னை நம்பவில்லையா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"உன்னை நம்புகிறேன். நீ எதை வென்றாய் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

முதலில் சினம் வந்தது. பிறகு நாணம் வந்தது. அதற்கும் பிறகுதான் ஆராயும் எண்ணம் வந்தது. அவ்வாராய்ச்சியின் பயனையே இங்கு நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

சதுரங்கப் பொறி பற்றிய ஐயம் கணிப்பொறியைவிட மூத்தது. 1770ஆம் ஆண்டு வியன்னா அரசவையில், பேரரசி மரியா தெரேசாவின் முன்னிலையில், கெம்பெலன் என்பவர் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வைத்தார். தலைப்பாகை அணிந்து, பெரிய பெட்டியின் பின்னால் அமர்ந்து, தானே காய் நகர்த்திய அப்பொம்மையைத் 'துருக்கியன்' என்று அழைத்தனர். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அது பல ஆண்டுகள் மயக்கியது. 1809இல் நெப்போலியனும் அதனுடன் ஆடினார். பெட்டியின் கதவுகளைத் திறந்து பற்சக்கரங்களைக் காட்டினார்கள். ஆனால் உள்ளே மறைந்திருந்தவர் சதுரங்கம் கற்ற ஒரு மனிதர்.

1836இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ இப்பொறியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். அவருடைய முடிவு சரி. ஆனால் அவர் காட்டிய காரணங்கள் அனைத்தும் சரியல்ல. உண்மையான பொறி எனில் எப்போதும் வெல்ல வேண்டும், இது சில வேளை தோற்கிறது, ஆகவே இது பொறியன்று என்பது அவர் காரணங்களுள் ஒன்று. பொறிகள் பிறந்த பிறகு பல ஆண்டுகள் அவை மனிதரிடம் தோற்றுக்கொண்டுதான் இருந்தன. 1854இல் பிலடெல்பியா நகரில் நேர்ந்த தீவிபத்தில் துருக்கியன் எரிந்து போயிற்று.

அன்று மனிதரைப் பொறி என்று நம்பினார்கள். இன்று குறைத்து வைக்கப்பட்ட பொறியை முழுப் பொறி என்று நம்புகிறோம். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பெட்டிக்குள் இருந்தது என்ன?

பொறி வளர்ந்த வரலாறு

1950இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர், கணிப்பொறியைச் சதுரங்கம் ஆடச்செய்யும் வழியைத் தம் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். இங்கிலாந்தின் ஆலன் டூரிங், பொறியில்லாமலே, தாம் வகுத்த விதிகளின்படி தாளில் கணக்கிட்டு 1952இல் ஓர் ஆட்டம் ஆடினார். அந்தத் 'தாள் பொறி' தோற்றது.

1968இல் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் டேவிட் லெவி, பத்தாண்டுகளுக்குள் எந்தக் கணிப்பொறியும் தம்மைத் தொடர் ஆட்டத்தில் வெல்லாது என்று கணிப்பொறி அறிஞர்களிடம் பந்தயம் கட்டினார். 1978இல் டொராண்டோ நகரில் 'செஸ் 4.7' என்ற நிரலுடன் ஆடி 3½–1½ என்ற கணக்கில் வென்றார். இவ்வெற்றியை எவரும் ஐயுறவில்லை. எதிரி யார், நேரம் எவ்வளவு, எத்தனை ஆட்டம் என்பன முன்கூட்டியே வரையறுக்கப்பட்டன. ஆட்டங்கள் பலர் பார்க்க நடந்தன. ஒவ்வொரு நகர்த்தலும் எழுதப்பட்டது. இத்தொடரில் லெவியும் ஓர் ஆட்டம் தோற்றார். அத்தோல்வியும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை நண்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

அதன்பின் பொறியின் வேகம் பெருகிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' 1996இல் உலக வீரர் காஸ்பரோவிடம் 4–2 என்று தோற்றது. 1997 மே மாதம் நியூயார்க்கில் அதுவே 3½–2½ என்று வென்றது. வினாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராயும் ஆற்றல் அதற்கு இருந்தது. அத்தொடரின் இரண்டாம் ஆட்டத்தைப் பற்றிக் காஸ்பரோவே ஐயம் எழுப்பினார். பொறியின் கணக்குக் குறிப்புகளைக் கேட்டார். அக்குறிப்புகள் பின்னர் வெளியிடப்பட்டன. ஆக, ஐயம் என்பது தோற்றவனின் புலம்பல் மட்டுமன்று. உலக வீரருக்கும் பெரும் நிறுவனத்துக்கும் நடுவில்கூட ஐயத்தைத் தீர்க்க வல்லது எழுதப்பட்ட சான்றே.

2005 நவம்பரில் ஸ்பெயின் நாட்டு பில்பாவோவில் ருஸ்லான் பொனோமரியோவ் 'ஃபிரிட்ஸ்' பொறியை ஓர் ஆட்டத்தில் வென்றார். முன்னணிப் பொறி ஒன்றை முறையான போட்டி நேரத்தில் மனிதர் வென்ற கடைசி ஆட்டம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுவே. மறு ஆண்டு பான் நகரில் உலக வீரர் கிராம்னிக், 'டீப் ஃபிரிட்ஸ்' பொறியிடம் 2–4 என்று தோற்றார். அதில் ஓர் ஆட்டத்தில், ஒரே நகர்த்தலில் வரவிருந்த மேட்டைக் காணாமல் விட்டார்!

2016இல் அமெரிக்காவின் நகமுரா, 'கொமோடோ' என்னும் பொறியுடன் நான்கு ஆட்டங்கள் ஆடினார். ஒவ்வோர் ஆட்டத்திலும் பொறி அவருக்குச் சிப்பாய் போன்ற ஏதேனும் ஒரு சலுகை கொடுத்து ஆடியது. அவ்வாறிருந்தும் முதல் மூன்று ஆட்டங்கள் சமனாயின. நான்காவதைப் பொறி வென்றது. உலகின் முதல்வரிசை ஆட்டக்காரருக்குச் சலுகையுடன் கிடைக்காத வெற்றி, சலுகையின்றி நம் விடுதி அறையில் கிடைத்தது என்றால் எங்கோ ஒரு கணக்குப் பிசகியிருக்க வேண்டும்.

எலோ அளவையும் ஒரு சிறு கணக்கும்

ஆட்டக்காரர்களின் வலிமையை அளக்க அர்பாட் எலோ என்னும் பேராசிரியர் வகுத்த அளவையை உலகம் பின்பற்றுகிறது. இருவரின் புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கொண்டு, ஒருவர் எவ்வளவு மதிப்பெண் பெறலாம் என்று கணிக்கலாம். வேறுபாடு 400 எனில், வலிமை குறைந்தவர் 11 ஆட்டங்களில் 1 மதிப்பெண் பெறலாம். 800 எனில் 101 ஆட்டங்களில் 1. 1200 எனில் 1001 ஆட்டங்களில் 1. ஒவ்வொரு 400 புள்ளிக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது.

மனிதர் எட்டிய உச்சம் 2014இல் மாக்னஸ் கார்ல்சன் பெற்ற 2882 ஆகும். இன்றைய முன்னணிப் பொறிகள் தமக்குள் ஆடிப் பெறும் புள்ளிகள் 3500ஐ ஒட்டி நிற்கின்றன. இவை இரண்டும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல என்பது உண்மைதான். எனினும் ஒரு தோராயக் கணக்குக்கு இது போதும். நன்றாக ஆடும் கல்லூரி மாணவர் ஒருவருக்கு 1500 புள்ளிகள் என்று கொண்டால், வேறுபாடு 2000. வாய்பாட்டின்படி ஒரு லட்சம் ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 1 மதிப்பெண். இரண்டு சமன்கள் சேர்ந்தாலே அந்த ஒரு மதிப்பெண் ஆகிவிடும். நாளொன்றுக்கு 10 ஆட்டம் வீதம் விடாமல் ஆடினால் ஒரு லட்சம் ஆட்டங்கள் முடிய 27 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். பொறியின் நிலையைக் குறைத்து வைத்துவிட்டு மறந்துபோகிறவர் 100 பேரில் ஒருவர்தான் என்று, ஒரு பேச்சுக்காக, மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும், 'உண்மையில் வென்றார்' என்பதைவிட 'நிலையை மறந்தார்' என்பது ஆயிரம் மடங்கு எளிதில் நிகழக்கூடியது. ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட நூலில் அற்புதங்களைப் பற்றி இவ்வழியிலேயே ஆராய்ந்தார். அற்புதம் நடந்தது என்று ஒருவர் கூறினால், அது நடந்திருப்பது அரிதா, சொன்னவர் பிழைபட்டிருப்பது அரிதா என்று எடைபோட்டு, எது மிக அரிதோ அதனைத் தள்ள வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். சொன்னவர் பொய்யர் என்று இதற்குப் பொருளன்று. பிழை என்பது நல்லவருக்கும் நேர்வதே.

பிழை நுழையும் வாயில்கள்

என் ஆட்டத்தையும் நண்பர்கள் சிலரின் ஆட்டங்களையும் ஆராய்ந்ததில் நான்கு வாயில்களைக் கண்டேன்.

முதலாவது, நிலைக் குறைப்பு. ஸ்டாக்ஃபிஷ் பொறியில் திறன் அளவு 0 முதல் 20 வரை உண்டு. முழு வலிமை 20இல் மட்டுமே. அதற்குக் கீழே வைத்தால், பொறி தான் கண்ட நல்ல நகர்த்தலை விட்டுவிட்டு, சற்றுத் தாழ்ந்த ஒன்றை வேண்டுமென்றே சில வேளை தேர்ந்தெடுக்கும். மல்லர் ஒருவர் தம் மூன்று வயது மகனிடம் கீழே விழுந்து காட்டுவதைப் போன்றது இது. மகன் வென்றது உண்மை. மல்லரை வென்றான் என்பது உண்மையன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் வலிமையும் ஒன்றாக இருந்துவிடாது.

இரண்டாவது, நேரமும் கருவியும். 1998இல் இத்தாலியின் இஸ்கியா தீவில் நம் சென்னை விஸ்வநாதன் ஆனந்த், 'ரெபெல் 10' என்ற பொறியுடன் எட்டு ஆட்டங்கள் ஆடினார். 5 நிமிட ஆட்டங்கள் நான்கில் பொறி 3–1 என வென்றது. 15 நிமிட ஆட்டங்கள் இரண்டில் பொறியே 1½–½ என வென்றது. நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டிலோ ஆனந்த் 1½–½ என வென்றார். அதே மனிதர், அதே பொறி. நேரம் மாறியதும் முடிவு மாறிற்று. ஆகவே 'வென்றேன்' என்ற சொல்லோடு 'எவ்வளவு நேரத்தில்' என்பதும் சேர்ந்தே வர வேண்டும்.

மூன்றாவது, திரும்ப எடுத்தல். விரல் தவறிற்று என்று ஒருமுறை, யோசிக்காமல் வைத்துவிட்டேன் என்று மறுமுறை. ஒவ்வொரு முறையும் பொறியின் விடையைப் பார்த்த பிறகே திருத்துகிறோம். இது வினாத்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போவதாகும்.

நான்காவது, எண்ணிக்கையை மறத்தல். ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 5 விழுக்காடுதான் என்னும் அளவுக்குப் பொறியைக் குறைத்து வைத்திருப்பதாகக் கொள்வோம். 20 ஆட்டங்கள் ஆடினால் ஒருமுறையேனும் வெல்லும் வாய்ப்பு 64 விழுக்காடாகிவிடும். தோற்ற 19 ஆட்டங்களை யாரும் மன்றத்தில் சொல்வதில்லை. வென்ற ஒன்றே கதையாகிறது.

உண்மை வெற்றியே இல்லையா?

இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டால் நாமும் ஆராயாதவர்களாகிவிடுவோம். 2008இல் மேற்சொன்ன நகமுரா, இணையத்தில் ஒருவருக்கு 3 நிமிடம் வீதம் நடந்த விரைவாட்டத்தில் 'ரிப்கா' என்னும் பொறியை வென்றார். சிப்பாய்களைக் கோத்துப் பலகையை அடைத்துவிட்டு, காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டேயிருந்தார். காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் 50 நகர்த்தல்கள் கடந்தால் சமன் கேட்கலாம் என்பது விதி. தானே மேலோங்கி நிற்பதாக மதிப்பிட்ட பொறி, அச்சமனைத் தவிர்க்க முயன்று தன் நிலையைத் தானே கெடுத்துக்கொண்டது. ஆட்டம் 271 நகர்த்தல்கள் நீண்டது. இவ்வெற்றியை நாம் நம்புகிறோம். அதன் 271 நகர்த்தல்களும் எழுத்தில் உள்ளன. பொறி எங்கே, ஏன் தவறிற்று என்பதையும் காட்ட முடிகிறது.

சோதிக்கும் முறை

சோதனை மிக எளிது. வென்ற ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, பொறி பெரும் பிழை செய்த நகர்த்தலுக்கு முந்திய நிலையைப் பலகையில் அமைக்க வேண்டும். அதே பெயருடைய பொறியை முழு வலிமையில் வைத்து, 'இங்கே என்ன நகர்த்துவாய்?' என்று கேட்க வேண்டும். முழுப் பொறி ஒரு வினாடியிலேயே அந்தப் பிழையை ஒதுக்கி வேறு நகர்த்தலைக் காட்டுமானால், நம்மோடு ஆடியது முழுப் பொறி அன்று என்பது ஏறத்தாழ உறுதி.

என் ஆட்டம் கைப்பேசியிலேயே பதிவாகியிருந்தது. 23ஆம் நகர்த்தலில் பொறி தன் யானையை என் குதிரைக்கு எதிரே, காவலின்றிக் கொண்டுவந்து வைத்திருந்தது. முழுப் பொறியிடம் கேட்டேன். கண் இமைப்பதற்குள் வேறு நகர்த்தலைக் காட்டிற்று. அமைப்பைத் திறந்து பார்த்தேன். என் செயலியில் இருந்த 8 நிலைகளில் நான் ஆடியது 3ஆம் நிலை. இரண்டு முறை காயைத் திரும்ப எடுத்ததும் பதிவில் இருந்தது. அவ்வாரத்தில் அது என் 17ஆம் ஆட்டம்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அனுமதி பெற்று இவற்றைச் சொன்னேன். சொல்லும்போது கால் நடுங்கியது உண்மை. கைதட்டல் முன்னளவு எழவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள். ஆனால் கூட்டம் முடிந்ததும் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர் தனியே வந்து, "தம்பி, நானும் போன வருஷம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

அதன்பின் ஒரு மாதம் முழு வலிமைப் பொறியுடன் 40 ஆட்டங்கள் ஆடினேன். அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். நாற்பதும் தோல்வி. பெரும்பாலானவை 30 நகர்த்தல்களுக்குள் முடிந்தன. ஒன்று மட்டும் 61 வரை நீடித்தது. அக்குறிப்பேட்டைப் பேராசிரியரிடம் காட்டினேன். 61 நகர்த்தல் ஆட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் என்னுடன் பேசினார். வென்றதாகச் சொன்ன ஆட்டத்தைப் பற்றி அவர் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

முடிவுரை

பொறியை வென்றதாக இனி யாரேனும் சொன்னால் அவரை எள்ள வேண்டாம். உடனே மாலையும் சூட்ட வேண்டாம். எந்த நிலை, எவ்வளவு நேரம், எத்தனையில் ஒன்று, ஆட்டக் குறிப்பு எங்கே என்னும் நான்கு வினாக்களை அன்போடு கேட்போம். நாம் ஐயுறுவது நண்பரை அன்று. நண்பர் வென்றதாகச் சொல்லும் எதிரியை. இவ்வேறுபாட்டை உணர்ந்து கேட்டால் நட்பும் கெடாது, உண்மையும் கெடாது.

இந்நான்கு வினாக்களும் சதுரங்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரே மருந்தில் தீராத நோய் தீர்ந்தது என்பாரிடமும், ஒரே மாதத்தில் பணம் இரட்டிப்பாயிற்று என்பாரிடமும் இவற்றையே சற்று மாற்றிக் கேட்கலாம். ஆனால் முதலில் நம்மிடமே கேட்டுப் பழக வேண்டும். அப்பழக்கத்துக்குச் சதுரங்கப் பலகை நல்ல பள்ளிக்கூடம். செலவு, ஒரு குறிப்பேடும் ஒரு பென்சிலும் மட்டுமே.